பழைய எம்ஜிபி-யை டிராக்கில் ஓட்ட: இன்ஜின் வேலையை எதுவரை செய்வது?

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் பழக்கம் டிராக்கில் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வந்தது. தகர உறையைச் சுற்றி வெட்டி எடுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை நீளமாகப் பிரித்து, வெயிலில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒருநாள் அந்தக் கறுப்பு ஆயிலுக்கு நடுவே மினுமினுவென்று பொடி தெரிந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், ஒட்டவில்லை. இரும்பு இல்லை என்றால் பெரும்பாலும் பேரிங்தான், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உலோக ஓடு. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைப்பது) மூடியைத் திறந்தேன். ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பேரிங் ஷெல்லில் பாதி செம்பு நிறமாகியிருந்தது. மேல் பூச்சு தேய்ந்துபோய், அடியில் இருக்கும் செம்பு அடுக்கு வெளியே வந்துவிட்டது. அப்படியே இன்னும் சில சுற்றுகள் ஓட்டியிருந்தால் அந்த பேரிங் பிடித்து, ராட் முறிந்து, பிளாக்கையே உடைத்திருக்கும்.

இன்ஜினை இறக்கியாகிவிட்டது. எதுவரை போவது என்பதுதான் கேள்வி. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொண்டு, பரிசுக்காக இல்லாமல் ஆசைக்காக டிராக்கில் ஓட்டும் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். எனக்கு வந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கார் எம்ஜிபி என்பதால் கணக்கெல்லாம் அதன் இன்ஜினை வைத்தே இருக்கும். ஆல்ஃபா ரோமியோவோ டாட்சனோ வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும், யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான கார். 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால் இன்றும் எந்த உதிரி பாகத்துக்கும் பஞ்சமில்லை. இன்ஜின் 1798 சி.சி., நான்கு சிலிண்டர். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்பகுதி), ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) இரண்டுமே வார்ப்பிரும்பு. புதிதாக வந்தபோது 5400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5400 சுற்று) சுமார் 95 எச்.பி. தந்தது. முதலில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாப்ட்டை மூன்று மெயின் பேரிங்குகள்தான் தாங்கின. 1964-ன் கடைசியில் அது ஐந்தாகியது. டிராக்குக்கு என்று இன்ஜின் தேடுபவர்கள் ஐந்து பேரிங் உள்ளதையே எடுங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டியது ஆர்பிஎம்

"எத்தனை எச்.பி. வரும்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் செலவையும் ஆயுளையும் தீர்மானிப்பது எச்.பி. இல்லை, நீங்கள் எத்தனை ஆர்பிஎம் வரை இன்ஜினைச் சுழற்றப் போகிறீர்கள் என்பதுதான்.

இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80.26 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அகலத்தைவிடப் பிஸ்டன் போய்வரும் தூரம் அதிகம். 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.8 மீட்டர். 7000-ல் 20.7 மீட்டர். ஆயிரம் ஆர்பிஎம் கூட்டினால் 17 சதவீதம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்பும்போது ராட் மீதும் அதன் போல்ட்டுகள் மீதும் விழும் இழுப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் அந்த இழுப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த போல்ட் அதைத் தாங்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 6000-த்தோடு நிறுத்திக்கொள்பவர் ஒரு பட்டியல் பாகங்களை வாங்கலாம். 7000 போக நினைப்பவர் வாங்க வேண்டிய பட்டியலே வேறு. இதை முடிவுசெய்யாமல் ஒரு பிஸ்டன்கூட வாங்காதீர்கள்.

பிரித்து, துடைத்து, பழையபடி கட்டுவது

மிகக் குறைந்த செலவு இதுதான். புது பிஸ்டன் ரிங், புது பேரிங், வால்வு கிரைண்டிங், கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் செயின், ஆயில் பம்ப். கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பழையதே, கம்ப்ரஷனும் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) பழைய 8.8-தான். வருடத்துக்கு இரண்டு மூன்று டிராக் நாட்கள், மற்றபடி ஞாயிற்றுக்கிழமை சவாரி என்று இருப்பவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. 95 எச்.பி.யை முழுதாகப் பயன்படுத்தி ஒரு வளைவிலிருந்து வெளியே வரக் கற்றுக்கொள்ளவே நமக்கெல்லாம் பல மாதம் ஆகும்.

ஆனால் போர் தேய்ந்திருந்தால் இந்த வழி மூடிவிடும். சிலிண்டரின் மேல்பகுதியில், ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். போர் கேஜை வைத்து மேலே, நடுவே, கீழே, ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் புது ரிங் போட்டு மூட மாட்டேன். வட்டமான ரிங் முட்டை வடிவான போரில் உட்காராது. கொஞ்ச நாளில் புகை வரும், மறுபடி இறக்க வேண்டும், செய்த செலவெல்லாம் இன்னொரு முறை.

முழு ரேஸ் இன்ஜின்

அடுத்த கோடிக்குப் போவோம். போரை 83.57 மி.மீ. வரை பெரிதாக்கினால் இன்ஜின் 1950 சி.சி. ஆகிவிடும். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஸ்டீல் ராட், நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம், பெரிய வால்வுகள், 45 டிசிஓஇ வெபர் கார்புரேட்டர். எல்லாம் கைதேர்ந்தவர் கையில் கூடிவந்தால் 150 எச்.பி.யைத் தாண்டலாம். கேட்கும்போதே கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது.

என்னை நிறுத்தியது அந்த ஹெட்டின் அமைப்பு. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து மொத்தம் ஐந்தே துவாரங்கள்தான். காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டு, புகை வெளியேற மூன்று. முதல், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரே உள்வாசல். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இன்னொன்று. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதனால் இரண்டாம் சிலிண்டர் இழுக்கத் தொடங்கிய 180 டிகிரியிலேயே முதல் சிலிண்டரும் அதே வாசலில் இழுக்க வந்துவிடுகிறது. அதன் பிறகு 540 டிகிரி அந்த வாசலில் யாரும் வருவதில்லை. கம்பெனி கேமில் உள்வால்வு 252 டிகிரி திறந்திருக்கும். அப்படியென்றால் 72 டிகிரி நேரம் இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலில் போட்டி போடுகின்றன. 300 டிகிரி கேம் போட்டால் அந்தப் போட்டி 120 டிகிரி. ஒன்றுக்குப் போக வேண்டிய கலவையை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும். கீழ் ஆர்பிஎம்மில் இன்ஜின் இருமும், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது (ஐடிலில்) சீராக ஓடாது. 4000-க்குக் கீழே சக்தியே இல்லாத இன்ஜினுக்கு நெருக்கமான கியர்களும் வேண்டும். அதனால் கியர்பாக்ஸ் செலவு வரும். அதைத் தொடர்ந்து கிளட்ச், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து நிற்கும்.

இன்னொன்று, போரை அவ்வளவு பெரிதாக்கினால் சுவர் மெலியும். பிளாக் வார்த்தபோது உள்ளே இருந்த மணல் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு என்று இருக்கும். அல்ட்ராசோனிக் கருவியால் சுவரின் தடிமனை அளக்காமல் 83.57-க்குப் போவது பிளாக்கைப் பணயம் வைப்பது. மெலிந்த சுவர் சூட்டில் வளையும், ரிங் கசியும், சில சமயம் தண்ணீர் ஜாக்கெட் வரை விரிசல் போய்விடும்.

இப்படிக் கட்டிய இன்ஜினை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடவும் முடியாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதிவைத்து, வால்வு ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் தவணை வைத்து மாற்ற வேண்டும். சீசன் முழுக்க ஓட்டுபவருக்கு அது வாழ்க்கை முறை. மாதத்துக்கு ஒருநாள் ஓட்டுபவருக்கு அது சுமை.

நான் தேர்ந்தெடுத்தது

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியை எடுத்தேன். ஆனால் நடுவழி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் போட்டால் பணம் எல்லாம் வெளியே மினுக்கும் பாகங்களுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில்தான் நான் பெரும்பணத்தைப் போட்டேன்.

போரை ஏறக்குறைய 1 மி.மீ. பெரிதாக்கினேன். 1845 சி.சி. ஆயிற்று. சுவருக்கு ஆபத்தில்லாத அளவு, அளவான பிஸ்டனும் எளிதாகக் கிடைக்கும். கிராங்க் ஷாப்ட்டையும் ராட்களையும் காந்தத் துகள் சோதனைக்கு அனுப்பினேன். முடியளவு விரிசல் இருந்தாலும் அந்தத் துகள் அங்கே கோடு போட்டுக் காட்டிவிடும். விரிசல் உள்ள கிராங்க்கை என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது என்பதால், கிரைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். பிஸ்டன்களும் ராட்களும் ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்குள் எடை ஒத்துவரச் செய்தேன். கிராங்க், ஃபிளைவீல், கிளட்ச் மூடி மூன்றையும் சேர்த்தே பேலன்ஸ் பார்க்கச் சொன்னேன். ராட் போல்ட்டுகளைப் பழையதை எறிந்துவிட்டு உறுதியானதாக மாற்றினேன். புதுப் போல்ட்டை அழுத்திப் போட்டால் ராட்டின் பெரிய கண் லேசாக உருமாறும். அதனால் போல்ட் மாற்றிய பிறகு அந்தக் கண்ணை மறுபடி வட்டமாக ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பேரிங் இடைவெளிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஜர்னல் (கிராங்க் ஷாப்ட்டில் பேரிங் உட்காரும் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெயின் ஜர்னல் 54 மி.மீ. என்றால் சுமார் 0.05 மி.மீ. பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு இழையை ஜர்னல் மேல் வைத்து, மூடியைச் சரியான டார்க்கில் (திருகு விசையில்) இறுக்கி, திருப்பாமல் அப்படியே கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இதை மெயின் ஐந்துக்கும் ராட் நான்குக்கும் செய்ய ஒரு மாலை முழுக்கப் போனது. நான்காவது மெயினில் இழை கிட்டத்தட்ட நசுங்கவே இல்லை. இடைவெளி இருமடங்கு! மூடியைத் துடைத்துப் பார்த்தால் அது பிளாக்கோடு சேரும் முகத்தில் ஹோனிங் மணல் ஒரு துளி ஒட்டி, மூடி சரியாக உட்காராமல் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், சரியாகிவிட்டது. அந்த மாலையை மிச்சம் பிடித்திருந்தால் அந்த மணல் துளி இன்ஜினுக்குள்ளேயே போயிருக்கும்.

கம்ப்ரஷனை 10-க்குக் கொண்டுவர நினைத்தேன். ஒரு சிலிண்டர் சுமார் 450 சி.சி., கம்ப்ரஷன் 8.8 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 58 சி.சி. போர் பெரிதானதில் சிலிண்டர் 461 சி.சி. ஆகிவிட்டது. பிஸ்டன் தலை பழைய வடிவத்திலேயே இருந்தால், ஹெட்டைத் தொடாமலே கம்ப்ரஷன் 9 வந்துவிடுகிறது. 10 வேண்டுமென்றால் மிஞ்சும் இடம் 51 சி.சி. ஆக வேண்டும். ஹெட்டை எவ்வளவு சீவலாம் என்று தெரிய, அதைத் தலைகீழாக வைத்து, வால்வும் பிளக்கும் போட்டு, அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டினேன். பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட, கடைசிக் காற்றுக் குமிழி நகர்ந்து நகர்ந்து துளைக்கு வந்து மறைந்தது. நான்கு அறைகளுக்கும் இடையே 2 சி.சி. வரை வித்தியாசம் இருந்தது. சிறிய அறைகளைத் தேய்த்துப் பெரியதற்கு ஒப்பாக்கிய பிறகுதான் ஹெட்டைச் சீவக் கொடுத்தேன். 10-க்கு மேல் போகவில்லை. கம்ப்ரஷன் அதிகமானால் வரும் இன்ஜின் தட்டும் ஓசை சாலையில் காதில் விழும், காலை எடுத்துவிடலாம். டிராக்கில் ஹெல்மெட்டுக்குள் அது கேட்காது. கேட்கும்போது பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும்.

கேம், கம்பெனி கேமைவிடக் கொஞ்சம் கூடுதலான, 270 டிகிரியை ஒட்டிய ஒன்று. காரோடு வந்த எஸ்யூ கார்புரேட்டர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) போட்டேன். ஈயம் இல்லாத பெட்ரோலில் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டினால், வார்ப்பிரும்பு சீட்டை வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துகொண்டு உள்ளே போய்விடும்.

முதல் பேரிங் ஏன் போனது

இத்தனையும் செய்து, ஆயிலைக் கவனிக்காமல் விட்டால் எல்லாம் வீண். என் பேரிங் செம்பானதற்கு எச்.பி.யோ ஆர்பிஎம்மோ காரணமில்லை. வலப்பக்கம் திரும்பும் ஒரு நீண்ட வளைவு இருந்தது. உள்ளே நுழையும்போது ஆயில் பிரஷர் முள் 60 பி.எஸ்.ஐ.யில் நிற்கும். வளைவின் நடுவே மெதுவாகச் சரிந்து 15 வரை போகும். வெளியே வந்ததும் மறுபடி ஏறிவிடும். கண் சாலையில் இருப்பதால் பல சுற்றுகள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கார் பக்கவாட்டில் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான அளவு) இழுத்தால் சம்ப்பில் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். நல்ல டயர் போட்ட பழைய கார்கூட 0.9 ஜி தொடும். அப்போதும் சாய்வு 42 டிகிரி. ஆயில் முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் தொங்கும். பேரிங்குக்குப் போவது ஆயில் இல்லை, நுரை. சாலையில் ஒரு வளைவு ஒரு விநாடி. டிராக்கில் அது ஐந்து ஆறு விநாடி, அதுவும் 5500 ஆர்பிஎம்மில்.

இதற்கு சம்ப்புக்குள் தடுப்புத் தகடும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் வைக்கலாம். இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கூடவே ஆயில் அக்யூமுலேட்டர் வைத்தால், பிரஷர் விழும் நேரத்தில் அதில் சேர்ந்திருக்கும் ஆயில் பேரிங்குக்குப் போகும். தனித் தொட்டி வைக்கும் டிரை சம்ப் எல்லாவற்றையும்விடச் சிறந்தது, ஆனால் அதன் விலை ஆசைக்கு ஓட்டுபவருக்கு நியாயம் ஆகாது. நான் தடுப்பும் அக்யூமுலேட்டரும் வைத்தேன். முள்ளை நம்பாமல், பிரஷர் 25-க்குக் கீழே போனால் எரியும் பெரிய சிவப்பு விளக்கு ஒன்றை ஸ்டீயரிங்குக்கு நேரே பொருத்தினேன். பணம் குறைவு என்றால் கேமை விடுங்கள், ஹெட் வேலையை விடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.

வேறு இன்ஜின் போடுவதும், கட்டியதை வாங்குவதும்

இந்தக் காரில் பெரிய இன்ஜின் உட்காரும். எம்ஜி நிறுவனமே 1973-ல் 3528 சி.சி. வி8 போட்ட மாதிரியை விற்றது. அலுமினிய பிளாக் என்பதால் எடையும் பெரிதாகக் கூடவில்லை. இன்றைய நான்கு சிலிண்டர் இன்ஜின்களும் போடுகிறார்கள். வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரு எச்.பி.க்கு ஆகும் செலவு இதில்தான் குறைவு. ஆனால் பல கிளாசிக் நிகழ்ச்சிகளில் அந்தக் காலத்து இன்ஜின் இல்லாத காரைச் சேர்க்க மாட்டார்கள், அல்லது வேறு வகுப்பில் போடுவார்கள். விதிமுறையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு அந்த இரும்பு இன்ஜினின் குரல்தான் கார். அதனால் இதை நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

கட்டித் தயாராக விற்கும் இன்ஜினை வாங்கினால் நேரம் மிச்சம். அளவுத் தாள் கேளுங்கள்: போர், ஜர்னல், ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளி, பேலன்ஸ் எடைகள். எழுத்தில் தருபவரிடம் வாங்கலாம். "எல்லாம் புதுசு சார்" என்று மட்டும் சொல்பவரிடம் வேண்டாம்.

நாமே கட்டலாமா என்றால், போரிங், கிரைண்டிங், ஹெட் சீவுதல், பேலன்ஸ் நான்கையும் பட்டறைக்குக் கொடுத்துவிட்டு, அளந்து பார்ப்பதையும் சேர்த்துப் பூட்டுவதையும் நாமே செய்யலாம். அவசரப்படாதவருக்கு இந்த இன்ஜின் நல்ல ஆசிரியர்.

முழு ரேஸ் இன்ஜினை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற கார்களோடு சக்கரத்துக்குச் சக்கரம் உரசி ஓடும் கிளாசிக் பந்தயத்தில் சேர்பவர், 95 எச்.பி.யோடு கடைசியில் ஓடுவதில் அர்த்தமில்லை. அவருக்கு அந்தச் செலவு நியாயம்தான். அவருக்கும் ஒரு விஷயம் நினைவூட்டுவேன். 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க், ஆலன் ஹட்சஸன் இருவரும் ஓட்டிய எம்ஜிபி, தொடக்கத்திலேயே மணலில் புதைந்து, தோண்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குப் பிறகும் மூன்றே மெயின் பேரிங்கோடு ஓடி முடித்து 12-வது இடத்தில் வந்தது. அந்த இன்ஜின் நின்றுபோகவில்லை என்பதுதான் அங்கே கணக்கு.

என் ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம்முக்கு எல்லை வைக்கும் கருவி) 6200-ல் நிற்கிறது. புதுக் கேம் போட்டதால், முதல் முறை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2000 முதல் 2500-க்குள் ஏற்றி இறக்கி வைத்திருந்தேன், துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில் ஊற்றி. கேமின் மேடான லோபும் அது உரசித் தள்ளும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த 20 நிமிடத்தில்தான். அப்போது ஆயில் தெறிப்பு போதாமல் போனால் லோப் உருண்டு தேய்ந்துவிடும். அந்த ஆயிலை அன்றே வடித்து, ஃபில்டரை அன்றே வெட்டிப் பார்த்துவிடுங்கள்.